ஹைபிரிட் காரில் பேட்டரி கரண்ட் சென்சார் சுற்றுப் பழுது: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் முறை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஹைபிரிட் கார் இன்று அரிய பொருளன்று. 2013ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த கேம்ரி ஹைபிரிட் வண்டிகள் பல, இரண்டாவது மூன்றாவது உரிமையாளரிடம் கைமாறி, வாரன்டி முடிந்த நிலையில் வெளிப் பணிமனைகளுக்கு வருகின்றன. 2022இல் வந்த ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, சிட்டி ஹைபிரிட் வண்டிகளும் கணிசமாக ஓடுகின்றன. இவற்றில் உயர் மின்னழுத்த பேட்டரியின் கரண்ட் சென்சார் தொடர்பான பழுதுக் குறியீடு வந்துவிட்டால், சிலர் பேட்டரி முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள், சிலர் சென்சாரை மட்டும் வரவழைத்து மாட்டுகிறார்கள். குறியீடு சொல்வது ‘சென்சார் சுற்றில் பழுது’ என்பதே தவிர, ‘சென்சார் பழுது’ என்பதன்று. சுற்று என்றால் சென்சார், மூன்று ஒயர்கள், இரண்டு முனைகளிலும் உள்ள கனெக்டர்கள், அந்த சிக்னலைப் படிக்கும் பேட்டரி ஈசியூ (கட்டுப்பாட்டுக் கணினி) ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். இவற்றில் எது கெட்டிருக்கிறது என்பதைப் பெரும்பாலும் காசு செலவில்லாமல் பிரித்துவிடலாம்.

சென்சார் என்ன செய்கிறது என்பது தெளிவாக இருந்தால் சோதனைகள் தாமாகவே புரியும். பேட்டரியிலிருந்து வெளியேறும் தடித்த கேபிள் ஒரு வளையத்தின் நடுவே செல்கிறது. கேபிளில் மின்சாரம் ஓடும்போது உண்டாகும் காந்தப்புலத்தை, அந்த வளையத்தின் இடைவெளியில் அமர்ந்திருக்கும் ஹால் சில்லு உணர்ந்து, 0 முதல் 5 வோல்ட்டுக்குள் ஒரு சிக்னலாக ஈசியூவுக்கு அனுப்புகிறது. கேபிளுக்கும் சென்சாருக்கும் மின்தொடர்பு கிடையாது. ஒரு ஒயர் 5 வோல்ட் கொடுப்பது, ஒரு ஒயர் எர்த், மூன்றாவது சிக்னல். கரண்ட் ஓடாத நிலையில் சிக்னல் நடுவில், அதாவது ஏறத்தாழ 2.5 வோல்ட்டில் நிற்கும். சார்ஜ் ஏறும்போது ஒரு பக்கமும், இறங்கும்போது மறுபக்கமும் நகரும். எந்தப் பக்கம் எது என்பதும், ஸ்கேனரில் (வண்டியின் குறியீடுகளையும் அளவுகளையும் படிக்கும் கருவி) சார்ஜ் ஏறுவது கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பதும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், அந்த வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹால் சில்லுக்குப் பதிலாக ஷண்ட் (கரண்ட் கடந்து செல்லும் சிறு தடை) வைத்த வண்டிகளும், சிறிய கரண்டுக்கும் பெரிய கரண்டுக்கும் தனித்தனி சிக்னல் தரும் வண்டிகளும் உண்டு. இங்கே கூறப்படுவது மூன்று ஒயர் ஹால் சென்சாருக்கானது.

பொதுக் குறியீடுகள் ஐந்து. பி0ஏபிஎஃப் (P0ABF) சுற்றின் பொதுப் பழுது. பி0ஏசி0 அளவு நம்பத்தக்கதாக இல்லை என்பது. பி0ஏசி1 சிக்னல் மிகத் தாழ்வு. பி0ஏசி2 மிக உயர்வு. பி0ஏசி3 விட்டு விட்டு வருவது. குறியீட்டை அழிப்பதற்கு முன், அது பதிவான நேரத்து விவரங்களை, குறிப்பாக கரண்ட், பேட்டரி வோல்டேஜ், 12 வோல்ட் அளவு, வெப்பநிலை ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டுத் தேடுபவர் தடயத்தைத் துடைத்துவிட்டுத் தேடுகிறார்.

கை வைப்பதற்கு முன்

இந்தச் சென்சார் பெரும்பாலான வண்டிகளில் பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பெட்டியில் 200 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்சாரம் உண்டு. கிராண்ட் விட்டாராவில் 177.6, பழைய கேம்ரியில் 244.8. உயிரைப் பறிக்க இது போதும். எனவே இக்னிஷனை அணைத்து, ஸ்மார்ட் கீயை வண்டியிலிருந்து தள்ளி வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் ‘கிளாஸ் 0’ ரப்பர் கையுறை அணிந்து, உயர் மின்னழுத்தச் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவ வேண்டும். உருவிய பிளக் வேலை செய்பவரின் சட்டைப் பையில்தான் இருக்க வேண்டும். மேசை மேல் வைத்தால் வேறொருவர் நல்லெண்ணத்தோடு மாட்டிவிடக் கூடும். பிறகு 10 நிமிடம் காத்திருந்து, இன்வர்ட்டர் முனைகளில் 0 வோல்ட் இருப்பதை மீட்டர் வைத்து உறுதிசெய்யுங்கள். கையுறையை ஒவ்வொரு முறையும் காற்றை அடைத்துச் சுருட்டிப் பார்த்து, ஓட்டை இல்லை என்று தெரிந்த பிறகே போடுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் கை வியர்த்து வழிகிறது என்று கையுறையைக் கழற்றிவிட்டு ‘ஒரே ஒரு நட்டுதானே’ என்று நுழைவதைக் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவருக்கு இந்த வேலை வேண்டாம். பிளக்கை உருவியது பேட்டரியை இரண்டாகப் பிரிக்கிறதே ஒழிய, அதைச் செத்த பொருளாக்குவதில்லை. ஒவ்வொரு பாதியிலும் மின்சாரம் அப்படியே இருக்கிறது.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான முதல் சோதனை

முதலில் 12 வோல்ட் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். 12க்குக் கீழே போயிருந்தால், ஈசியூக்கள் தடுமாறிப் பொய்க் குறியீடுகளை எழுதும். அதைச் சார்ஜ் செய்து, குறியீடுகளை அழித்து, மீண்டும் வருகிறதா என்று பார்த்த பிறகே மேலே செல்லுங்கள்.

அடுத்தது சுழியச் சோதனை. இதற்குப் பெட்டியைத் திறக்கவே தேவையில்லை. பிரேக்கை மிதிக்காமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். வண்டி நகரத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரியக் கூடாது. இந்த நிலையில் பேட்டரியின் மெயின் ரிலேக்கள் திறந்திருக்கின்றன, ஆகவே கேபிளில் கரண்ட் ஓட வழியே இல்லை. ஸ்கேனரில் பேட்டரி கரண்ட் என்ற வரியைப் பாருங்கள். சுழியமோ, சுழியத்தை ஒட்டி அசையும் சிறு எண்ணோ வந்தால் சுற்று இப்போதைக்கு நலம். 3, 5, 8 ஆம்பியர் என்று ஏதேனும் ஓர் எண்ணில் நிலையாக நின்றால், இல்லாத கரண்டை இருப்பதாகச் சுற்று சொல்கிறது. அளவின் கடைக்கோடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒயர் அறுந்தோ, ஷார்ட் ஆகியோ, 5 வோல்ட் வராமலோ இருக்கிறது. இந்த மூன்று விடைகளுள் எது என்பதைப் பொறுத்துத்தான் கீழே உள்ள வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அறிகுறி: சார்ஜ் காட்டி திடீரென ஏறுகிறது, திடீரென விழுகிறது

“அண்ணே, ஆம்பூர் தாண்டும்போது ஃபுல்லா இருந்துச்சு, பள்ளிகொண்டா டோல் வர்றதுக்குள்ள ரெண்டு கட்டைக்கு வந்துடுச்சு” என்று வண்டிக்காரர் சொல்வது இந்த வகை. பெரும்பாலானோர் இதைக் கேட்டதும் பேட்டரி செல் செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். செல் பழுதிலும் இது வரும் என்பது உண்மை. ஆனால் அப்போது பி0ஏ80 போன்ற பேட்டரிக் குறியீடோ, பிளாக்குகளின் (செல் தொகுதிகளின்) வோல்டேஜில் ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடோ உடன் இருக்கும். பிளாக் வோல்டேஜ்கள் எல்லாம் ஒத்துப்போய், காட்டி மட்டும் தாவினால் சந்தேகம் கரண்ட் சென்சார் பக்கம் திரும்ப வேண்டும்.

காரணம் இதுதான். பேட்டரியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை ஈசியூ நேரடியாக அளப்பதில்லை. நெல் மண்டியில் உள்ளே வரும் மூட்டையையும் வெளியே போகும் மூட்டையையும் எழுதிக்கொண்டே இருக்கும் கணக்குப்பிள்ளையைப் போல, வரும் கரண்டையும் போகும் கரண்டையும் நொடிக்கு நொடி கூட்டிக் கழித்து இருப்பைச் சொல்கிறது. 6.5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் சென்சார் 2 ஆம்பியர் மட்டும் தவறாகச் சொன்னால், ஒரு மணி நேரத்தில் கணக்கு 2 ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவில் 30 சதவீதத்துக்கு மேல், தப்பிவிடும். ஒரு கட்டத்தில் பேட்டரி வோல்டேஜ் இந்தக் கணக்கோடு முரண்படுவதை ஈசியூ கண்டுகொண்டு, ஒரே அடியாகத் திருத்துகிறது. காட்டி தாவுவது அந்தத் திருத்தம். வேலூரிலிருந்து சென்னை போய்ச் சேரும் நேரத்தில் இது பல முறை நிகழலாம். நகருக்குள் குறுகிய ஓட்டத்தில் வெளியே தெரியாமலே போகலாம். இஞ்சின் காரணமில்லாமல் ஓடிக்கொண்டே இருப்பதும், மைலேஜ் குறைவதும் இதன் கிளைகள்.

2 ஆம்பியர் பிழை எங்கிருந்து வருகிறது? சென்சாருக்குள்ளிருந்தும் வரலாம், பச்சை பூத்த ஓர் எர்த் பின்னிலிருந்தும் வரலாம். எடுத்துக்காட்டாக, கூட்டல் கழித்தல் 200 ஆம்பியரை 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் அடக்கும் சென்சாரில் ஓர் ஆம்பியர் என்பது 10 மில்லிவோல்ட். சென்சார் தன் சொந்தத் தேவைக்கு 10 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்வதாகவும், எர்த் பின்னில் அரிப்பால் 4 ஓம் தடை உண்டாகியிருப்பதாகவும் வைத்துக்கொண்டால், அங்கே 40 மில்லிவோல்ட் இழக்கப்படுகிறது. சிக்னலின் நடுப்புள்ளி அதில் பாதி, 20 மில்லிவோல்ட், மேலே போகிறது. 2 ஆம்பியர் பிழை பிறந்துவிட்டது. சென்சாரில் எந்தக் குறையும் இல்லை. விளக்கோ ஹாரனோ 4 ஓம் தடையை உடனே காட்டிக்கொடுத்துவிடும். சென்சார் சுற்று காட்டிக்கொடுக்காது, பொய் சொல்லும்.

எனவே சுழியச் சோதனையில் நிலையான எண் நின்றால், சென்சாரை வாங்குவதற்கு முன் மேலே சொன்ன பாதுகாப்பு முறையில் பெட்டியைத் திறந்து கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்களின் அடிவாரத்தில் நீலப்பச்சைத் தூள் படிந்திருக்கிறதா, ரப்பர் சீல் பிதுங்கியிருக்கிறதா, பெண் முனையின் நாக்கு தளர்ந்திருக்கிறதா என்பதை வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகள் பிறகு கைமாறியிருக்கின்றன. பின்சீட் போல்ட்டில் துரு, கார்ப்பெட் அடியில் நைஸான வண்டல் ஆகியவை இருந்தால் கனெக்டரை இரு மடங்கு கவனத்தோடு பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, சுழியச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எண் சுழியத்துக்கு வந்துவிட்டால் பழுது அங்கேதான் இருந்தது. ஆனால் அரித்த பின் மீண்டும் அரிக்கும் என்பதால், பின்னை மாற்றுவதே முறையான வேலை.

சுத்தம் செய்தும் எண் அசையவில்லை, 5 வோல்ட்டும் எர்த்தும் சரியாக இருக்கின்றன, ஒயர்களில் தடை இல்லை என்றால் சென்சாரைக் குற்றம் சாட்டலாம். அதற்கும் முன் வெப்பத்தைக் கணக்கில் எடுங்கள். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும், வெயிலில் நிறுத்தி உள்ளே அனலாக இருக்கும் பிற்பகலில் ஒருமுறையும் சுழியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் 0, பிற்பகலில் 4 ஆம்பியர் என்று வந்தால் சில்லு சூட்டில் நகர்கிறது. காலையில் மட்டும் சோதித்து ‘பழுதில்லை’ என்று திருப்பி அனுப்பப்படுவது இந்த வண்டிதான். பின்சீட் அருகே உள்ள பேட்டரி காற்று வழி தூசியாலோ, குழந்தை போட்ட துணியாலோ அடைபட்டிருந்தால் பெட்டிக்குள் சூடு இன்னும் கூடும். அதையும் திறந்து பாருங்கள்.

அறிகுறி: இக்னிஷன் ஆன் செய்த உடனே எச்சரிக்கை, கரண்ட் எண் கடைக்கோடியில்

பி0ஏசி1 அல்லது பி0ஏசி2 இப்படி வரும். வண்டி ரெடி நிலைக்கு வராமலும் போகலாம், வந்து இழுவை குறைந்த நிலையில் ஓடலாம். தேடுவதற்கு எளிய பழுது இது, ஏனென்றால் விட்டு விட்டு வராது.

சிக்னல் தாழ்வென்றால் 5 வோல்ட் வரவில்லை, அல்லது சிக்னல் ஒயர் எர்த்தோடு ஒட்டியிருக்கிறது என்று எண்ணலாம். உயர்வென்றால் எர்த் ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது சிக்னல் ஒயர் 5 வோல்ட்டோடோ 12 வோல்ட்டோடோ ஒட்டியிருக்கலாம். சிக்னல் ஒயர் மட்டும் அறுந்தால் எந்தப் பக்கம் போகும் என்பது ஈசியூவின் உள்ளமைப்பைப் பொறுத்தது.

சர்வீஸ் பிளக் வெளியே இருக்க, சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் முனையை மாட்டி இக்னிஷனை ஆன் செய்து ஸ்கேனரைப் பாருங்கள். ரெடி நிலைக்குக் கொண்டுபோக ஒருபோதும் முயலாதீர்கள். சென்சாரைக் கழற்றியதும் எண் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவினால், ஈசியூவும் சிக்னல் ஒயரும் மாற்றத்தை உணர்கின்றன, சென்சாரையோ அதற்கு வரும் 5 வோல்ட், எர்த் ஒயர்களையோ சந்தேகிக்கலாம். எண் அசையாமல் இருந்தால் அதிலிருந்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், மீட்டரை எடுங்கள். கழற்றிய கனெக்டரில் 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வரவில்லையெனில் மீட்டரின் கருப்பு முனையை பாடியில் வைத்து மறுபடி அளங்கள். இப்போது 5 வந்தால் எர்த் ஒயர்தான் போயிருக்கிறது.

பிறகு இக்னிஷனை அணைத்து, 12 வோல்ட் நெகட்டிவை எடுத்து, ஈசியூ பக்கக் கனெக்டரையும் கழற்றி, மூன்று ஒயர்களையும் முனைக்கு முனை அளக்க வேண்டும்: 1 ஓமுக்குக் கீழே இருந்தால் நலம். ஒவ்வொன்றுக்கும் பாடிக்கும் இடையே, ஒன்றுக்கொன்று இடையே, 10 கிலோ ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். அளக்கும்போது ஒருவர் ஹார்னஸை (ஒயர்க் கட்டை) மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பது நல்லது. ஒயரின் உறையில் ஊசி குத்தி அளக்காதீர்கள். அந்தத் துளையில் அடுத்த மழைக்காலத்தில் ஈரம் நுழையும்.

நம் பக்கத்தில் ஒயர் அறுவதற்கு முதன்மைக் காரணம் எலி என்பது என் கணிப்பு. வயல் ஓரத்திலும் தென்னந்தோப்பிலும் நிறுத்தப்படும் வண்டியின் பின்பக்கத்தில் கூடு கட்டி, பேட்டரிப் பெட்டியின் ஓர ஒயர்களைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் உறை மட்டும் போய், செம்பு இழைகள் இரண்டு மூன்று மிஞ்சி ஒட்டிக்கொண்டிருக்கும்; மீட்டரில் 1 ஓமுக்குக் கீழேயே காட்டும், அசைத்தால் துள்ளும். முறுக்கி டேப் சுற்றுவது இங்கே உதவாது. மேலே சொன்ன 4 ஓம் கணக்கை நினைவில் வைத்து, சரியான கிரிம்ப் போட்டு, வெப்பத்தில் சுருங்கும் குழாய் ஏற்றுங்கள்.

அறிகுறி: குண்டு குழியில், அல்லது மழை நாளில் மட்டும்

பி0ஏசி3. ஸ்கேனரில் கரண்ட் வரியை வரைபடமாக ஓடவிட்டு, ரெடி இல்லாத நிலையில், பின்சீட் பகுதியின் தரையை உள்ளங்கையால் தட்டுங்கள். கோடு சுழியத்தில் நேராகச் செல்ல வேண்டும். தட்டும்போது ஊசிபோல் ஒரு கோடு எழுந்து விழுந்தால் கனெக்டரோ ஒயரோ தளர்ந்திருக்கிறது. பெட்டியைத் திறக்காமல் இதற்கு மேல் ஆராய முடியாது.

அறிகுறி: பேட்டரி வேலை முடிந்து வந்த பிறகே தொல்லை

செல் மாற்றிக் கட்டிய வண்டிகளில் சென்சார் வளையம் திருப்பி மாட்டப்பட்டிருக்கலாம். வளையத்தின் மேல் ஓர் அம்புக்குறி உண்டு. அது தலைகீழானால் சார்ஜ் ஏறுவதை இறங்குவதாகச் சொல்லும். சுழியச் சோதனையில் இது சிக்காது என்பதே இதன் தந்திரம், ஏனெனில் சுழியம் எந்தப் பக்கம் திருப்பினாலும் சுழியம்தான்.

இதைப் பிடிக்க வோல்டேஜைத் துணைக்கு அழைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி வோல்டேஜ் உயரும், இறங்கும்போது தாழும்; இதில் விதிவிலக்கு இல்லை. ரெடி நிலையில் ஏசியை முழு வேகத்தில் போடுங்கள்: வோல்டேஜ் சற்றுத் தாழ, கரண்ட் ‘இறங்குகிறது’ என்ற குறியில் வர வேண்டும். சாலையில் பார்ப்பதானால் 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரி மலைச்சாலை இறக்கத்தைவிட வசதியான இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. பேட்டரி நிரம்பாத வரை பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சார்ஜ் ஏறும். ஸ்கேனரை உடன் வருபவர் பார்க்கட்டும், ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். வோல்டேஜ் ஏறிக்கொண்டிருக்கையில் கரண்ட் வெளியேறுவதாகக் காட்டினால் வளையம் தலைகீழ்.

பயிற்சியும், உரிய மதிப்பீடு கொண்ட நேர்மின்சாரக் கிளாம்ப் மீட்டரும் இருப்பவர்கள், ஆரஞ்சு கேபிளின் மேல் கிளாம்பைச் சுழியமாக்கி மாட்டி, ஸ்கேனர் எண்ணோடு நேரடியாக ஒப்பிடலாம். பி0ஏசி0க்கு இதைவிட உறுதியான விடை கிடையாது. கிளாம்ப் 20 என்று சொல்லும்போது ஸ்கேனர் 12 என்று சொன்னால், சுழியம் சரியாக இருந்தாலும் சென்சாரின் அளவுகோல் கெட்டிருக்கிறது.

அறிகுறி: கரண்ட் சென்சாரோடு இன்னும் நாலைந்து குறியீடுகள்

பி0ஏஏ6 உடன் இருந்தால், அதாவது உயர் மின்னழுத்தம் பாடிக்குக் கசிகிறது என்றால், மற்ற அனைத்தையும் நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள். பெட்டிக்குள் ஈரமோ செல் கசிவோ இருக்கலாம், அதுவே கனெக்டரையும் அரித்திருக்கலாம். வெப்பநிலை சென்சார்களின் குறியீடுகளும் சேர்ந்து வந்தால் பொதுவான ஒரு கனெக்டரையோ 5 வோல்ட் தடத்தையோ தேடுங்கள். பி0ஏ1எஃப் வந்தால் ஈசியூ தன்னைத் தானே சந்தேகிக்கிறது. ஆயினும் சென்சார், மூன்று ஒயர்கள், எர்த், 12 வோல்ட் ஆகிய அனைத்தும் தேறிய பிறகே ஈசியூவை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். பழைய உதிரிக் கடையில் வாங்கிய ஈசியூவை மாட்டிப் பார்ப்பதற்கு முன், அது அதே பாகக் குறியீட்டுக்கு உரியதா என்று பாருங்கள்.

வேலை முடிந்ததும்

சர்வீஸ் பிளக்கை மாட்டும்போது அதன் கைப்பிடி கடைசிப் பூட்டு வரை செல்ல வேண்டும். பாதியில் நின்றால் வண்டி ரெடி ஆகாது. பிளக் இல்லாமல் இக்னிஷன் ஆன் செய்ததால் பி0ஏ0டி பதிவாகியிருக்கும்; அது நம் சோதனையின் விளைவு, அழித்துவிடலாம். பின்னர் சுழியத்தைப் பார்த்து, அந்த எண்ணையும் அப்போதைய வெப்பநிலையையும் ஜாப் கார்டில் எழுதுங்கள். காட்பாடி மேம்பாலத்தின் ஏற்ற இறக்கம் போதும், ஒருமுறை போய் வந்தால் கரண்ட் இரு பக்கமும் சரியாக நகர்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் வண்டியை அன்றைக்கே ஒப்படைக்க வேண்டாம். இரவு நின்று குளிர்ந்த வண்டியில் மறுநாள் காலை இக்னிஷனை ஆன் செய்து, உறுதியாகாத குறியீடு எதுவும் காத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிற்பகல் வெயிலில் சுழியத்தை மீண்டும் ஒருமுறை குறித்த பிறகு சாவியைக் கொடுங்கள்.